ஏழாவது குழி

தொண்ணூறு வருஷமாக எரியாத அடுப்பின் சாம்பல் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. எர்மினியா கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தலைக்கு மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தாள். கிழிசல் எதுவும் இல்லை. காலை ஏழு மணி வெயில் இன்னும் இடிந்த சுவரைத் தாண்டி உள்ளே வரவில்லை. மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூன்று அடுப்புக் கற்களுக்கு நடுவே, குழந்தை படுத்து எழுந்த பாய் மாதிரி, ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சூடு இருந்தது.

சாம்பலைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாக, ஊரைச் சுற்றிச் சைக்கிள் போகிற தூரத்தில் எந்த இடிந்த வீட்டைத் தோண்டினாலும் கொத்துக்கரண்டியோடு முதலில் குந்துகிறவள் அவள்தான். மழை குடித்த சாம்பலும் கறையான் ஏறிய சாம்பலும் தொட்ட மாத்திரத்தில் அவளுக்குத் தெரியும். சூட்டைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். அவளை உறுத்தியது வேறு. நேற்றுச் சாயங்காலம் இந்த இடத்தில் சாம்பலே இல்லை. பதினோரு மூட்டை அள்ளிச் சலித்தாகிவிட்டது. அடியில் இருந்த சுண்ணாம்புத் தரையைத் தூரிகையால் பெருக்கி, பலகை போட்டு மூடி, பலகைமேல் பாரத்துக்கு நான்கு கல்லையும் தூக்கி வைத்தது அவளேதான். காலையில் வந்தபோது நான்கு கல்லும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"ராத்திரி யாராவது இங்க வந்து அடுப்பு மூட்டினீங்களா?" என்று கேட்டாள்.

காஸ்பார் வெளியே சல்லடையை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தான். அவள் வயதுக்காரன். அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். "ஆமா, நானும் டாக்டரும் உக்காந்து கோழி சுட்டுத் தின்னோம். உனக்கு எலும்பு எடுத்து வெச்சிருக்கோம்."

"விளையாடாத காஸ்பார். சாம்பல் கிடக்கு."

"அடுப்புல சாம்பல் கிடக்காம சக்கரையா கிடக்கும்? காத்து அடிச்சிருக்கும்."

"பலகைக்குக் கீழயா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு முடிச்சைப் போட்டான். யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்று எர்மினியா முடிவு கட்டினாள். நேற்று அவள் செய்த காரியத்தைப் பார்த்த எவனோ ஒருவன், பயம் காட்டுகிறான். வாட்ச்மேனாக இருக்கும். இல்லை, இந்தக் காஸ்பாராகவே இருக்கும். பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவளுக்கு எப்போதும் சுலபம். பல்லைக் கடித்துக்கொண்டு சாமான் பெட்டியைத் திறந்தாள்.

அது சான் எலியாஸ் என்ற கற்றாழை நார்ப் பண்ணையின் கூலிக்காரர் வரிசை; அதில் நான்காவது வீடு. முட்டை வடிவத்தில் நெஞ்சு உயரச் சுவர், இரண்டு பக்கமும் எதிரெதிராக வாசல், நடுவில் ஒன்றுமில்லை. கூரைப் பனையோலை மக்கி எந்தக் காலத்திலோ மண்ணாகிவிட்டது. பண்ணையை வாங்கிய ஓட்டல்காரர்கள் பங்களாவுக்கு வெள்ளை அடித்து நீச்சல்குளம் வெட்டியாயிற்று. கூலிக்காரன் வீடும் ஒன்று வேண்டுமாம், பழையபடி அப்படியே. அதற்காக மெரிதா நகரத்திலிருந்து டாக்டர் ரெனானை வரவழைத்திருந்தார்கள். பழைய வீடுகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கினவர். பழைய வீடு எதிலும் ஒரு ராத்திரி படுத்தவர் அல்ல.

போன வாரம் அவர் எர்மினியாவிடம் சொன்னார்: "உன் பொண்ணு சுவேமி லட்சணமா இருக்கா. கட்டி முடிச்சதும் அந்தக் காலத்துப் பொம்பளைங்க மாதிரி ஒரு வெள்ளை இப்பில் கவுன் போட்டு, இந்த அடுப்புகிட்ட மண்டி போட்டுச் சோள ரொட்டி தட்டினா, வர்றவங்க கண்ண எடுக்க மாட்டாங்க. நல்ல சம்பளம் தருவாங்க. எதுக்கு நர்ஸ் படிப்பு அது இதுன்னு மெரிதாவுக்கு அனுப்புற?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க மண்டி போட்டது போதும் டாக்டர். உங்க வீட்ல யாராச்சும் இருந்தா உக்கார வைங்க."

அவர் சிரித்தார். அவள் ஏதோ நகைச்சுவை சொன்னதாக நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகிறது.

இன்றைக்குச் சுவேமி கிளம்புகிறாள். ஒன்றரை மணி பஸ். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில், ரோட்டோரமாகப் பண்ணையின் வாசல் வளைவு; பஸ் அங்கே நிற்காது. "நீங்க வளைவுல நில்லுங்கம்மா, நான் ஜன்னல்லேர்ந்து கை காட்டுறேன்" என்று நேற்று ராத்திரி பை அடுக்கும்போது மகள் சொன்னாள். பஸ் அந்த வளைவைத் தாண்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எர்மினியாவின் பதினெட்டு வருஷத்து ஆசை. அதற்குக் காரணம் இருந்தது.

அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தால் தூக்கி எறிய மாட்டார்கள். ஆண் பிள்ளையுடையதைக் காட்டில் புதைப்பார்கள். காடு அவனுக்கு வசப்படுமாம். பெண் பிள்ளையுடையதை அடுப்புக்குக் கீழே புதைப்பார்கள்; அவள் வீட்டை விட்டுப் போக மாட்டாளாம். பூட்டு வேண்டாம், காவல்காரன் வேண்டாம். பண்ணைக்காரனுக்கு எவ்வளவு சௌகரியம் என்று எர்மினியா நினைத்துக்கொள்வாள். எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தானோ, அவன் கட்டாயம் வீட்டில் அடுப்பு ஊதியவனாக இருக்க மாட்டான்.

அவளுடைய கொடி அவள் அம்மா வீட்டு அடுப்பின் கீழே இருக்கிறது. பதினேழு வயதில் அவளுக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மூன்று தடவை பஸ் ஏறினாள். மூன்று தடவையும் இந்த வளைவு வரைதான். வளைவு வந்ததும் தொப்புளுக்குள் தூண்டில் மாட்டி இழுப்பது போல ஒரு வலி, வாந்தி, கண்டக்டர் இறக்கிவிட்டுப் போனான். குடலில் புழு என்று மருந்து கொடுத்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ரொட்டிக்கு மாவு எடுத்து வைத்தாள். அந்த மௌனத்தை எர்மினியா இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா செத்த மறு மாதம் அண்ணன் அந்த இடத்தில் சிமெண்ட் தரை போட்டுவிட்டான்.

ஆகவே சுவேமி பிறந்து ஒன்பதாம் நாள், கொடி விழுந்த அன்றே, எர்மினியா மெரிதாவுக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் கவ்வியோடு கொடியை அந்த டிக்கெட்டிலேயே சுற்றி இடுப்பில் செருகினாள். மெரிதாவின் பெரிய சந்தை நடுவில் போட்டுவிட்டு வர வேண்டும். ஆயிரம் பேர் கால் பட வேண்டும், பிள்ளை உலகத்தைச் சுற்ற வேண்டும். ஆனால் அவளால் வளைவு வரைதான் வர முடிந்தது. வலி கண்ணை இருட்டியது. இறங்குவதற்கு முன் ஜன்னல் வழியாக அதை ரோட்டில் விட்டெறிந்தாள். ரோடுதானே, எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பினாள்.

இதெல்லாம் மனதில் கிடந்ததால்தான் நேற்று அப்படிச் செய்தாள். சுண்ணாம்புத் தரையைப் பெருக்கியபோது மூன்று கற்களுக்கு நடுவே வட்டமாக ஏழு குழிகள் தெரிந்தன. ஆறு குழிகளில் கைக்குள் அடங்குகிற மண் சிமிழ்கள், வாயை மெழுகால் அடைத்தவை. ஏழாவது காலி. டாக்டர் ஒரு சிமிழைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்து, "பிரமாதம், நாளைக்குப் படம் எடுத்துடுவோம், கண்ணாடிப் பெட்டியில வெச்சா கூட்டம் அள்ளும்" என்றார். ஆறு பெண்கள். பொழுது விடிந்தால் அடுப்பு, பொழுது சாய்ந்தால் அடுப்பு. செத்தும் விடுதலை இல்லை. இனி கண்ணாடிப் பெட்டி. எர்மினியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஓட்டுச் சில்லைக்கூட மடியில் கட்டாதவள், எல்லோரும் போன பிறகு ஆறு சிமிழையும் சாப்பாட்டுத் துணியில் முடிந்து வளைவுக்கு எடுத்துப் போனாள். கட்டைவிரல் நகத்தால் மெழுகை உடைத்து, உள்ளே இருந்த காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரியான ஆறு துண்டுகளையும் லாரி ஓடுகிற தார் ரோட்டில் ஒவ்வொன்றாக எறிந்தாள். காலிச் சிமிழ்களையும் பின்னாலேயே எறிந்து உடைத்தாள்.

"போங்கடி. எங்கயாவது போய்ப் பொழைங்க," என்று சத்தமாகவே சொன்னாள்.

திரும்பி வந்துதான் பலகை போட்டு மூடினாள். டாக்டர் கேட்டால் திருட்டுப் போனது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தாள்.

டாக்டர் ஒன்பது மணிக்கு வந்தார். அடுப்பைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "நேத்து சுத்தம் பண்ணச் சொன்னேன்ல? இப்படியே விட்டுட்டுப் போயிருக்கே?"

"சுத்தம் பண்ணிட்டுத்தான் போனேன் டாக்டர். நீங்களும்தான் பாத்தீங்க, ஏழு குழி."

"அப்ப இது என்ன?"

"நீங்கதான் சொல்லணும். படிச்சவர் நீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டல்காரங்க பங்களால காத்திருக்காங்க. மதியத்துக்குள்ள சாம்பலை அள்ளிட்டு, சிமிழைப் படத்துக்கு எடுத்து வை. நாளைக்குக் கொத்தனார் வந்துடுவான்." பிரச்சினை ஒன்றைப் பார்த்தால் இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு நடையைக் கட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

எர்மினியா மண்டியிட்டுத் தோண்டத் தொடங்கினாள். கொத்துக்கரண்டி இறங்கவில்லை. கொட்டிய சாம்பலாக இருந்தால் பொலபொலவென்று இறங்கியிருக்கும்; இது இறுகிக் கிடந்தது. விளிம்பைச் செதுக்கிப் பார்த்தாள். சாம்பல் நிறம், அடுத்து வெள்ளை, அடுத்து சுட்ட மண்ணின் சிவப்பு, மறுபடி சாம்பல், வெங்காயத் தோல் போல ஒன்றின்மேல் ஒன்றாக நூறு அடுக்கு இருக்கும். தினமும் அடுப்பு எரிந்து, தினமும் சாம்பல் தள்ளி, மழைக்காலத்தில் மெழுகி, மறுபடி எரிந்து, இருபது முப்பது வருஷம் ஆனால்தான் இப்படிப் படியும். எந்த வாட்ச்மேனாலும், எந்தக் காஸ்பாராலும் ஒரு ராத்திரியில் இதைச் செய்ய முடியாது. அவள் கை நின்றது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அப்போதுதான் சத்தத்தைக் கவனித்தாள். காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான்; காஸ்பார் சல்லடையைத் தட்டுகிறான் என்று விட்டிருந்தாள். பட், பட், பட் என்று மெத்தென்ற சத்தம், ஈரக்கையும் ஈரக்கையும் சேர்கிற சத்தம், மூன்று தட்டு, ஒரு திருப்பு, மறுபடி மூன்று தட்டு. காற்றில் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகிற சோளத்தின் வாசனை வந்தது, பசியைக் கிளப்புகிற அந்தப் புளிப்பான வாசனை, அதற்கு அடியில் வியர்வையும் புகையும் ஊறிய பழந்துணியின் வாசனை. வாசனை வாசல் பக்கமிருந்து வரவில்லை, தரையிலிருந்து எழுந்து அவள் முழங்கால்களைச் சுற்றி மேலே வந்தது.

"காஸ்பார், அந்தத் தட்டுறத நிறுத்து."

எட்டிப் பார்த்தாள். சல்லடை மரத்தில் சும்மா தொங்கியது. காஸ்பார் தூரத்தில் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"உனக்கு ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"

"என் வயித்துலதான் கேக்குது. நான் சாப்பிடப் போறேன். நீ வரியா, இல்ல உன் சாம்பலையே தின்னுட்டு இருக்கியா?"

"நீ போ. நான் பஸ் பாத்துட்டு வரேன்."

அவனைப் போக விட்டிருக்கக் கூடாது. ஆனால் பயமாக இருக்கிறது என்று அவனிடம் சொல்வதற்கு அவள் வாய் வளையாது. மணி பன்னிரண்டு. தார்ப்பாயின் நிழல் சுருங்கி அடுப்பின் அளவுக்கு வந்திருந்தது. வெளியே வெள்ளை வெயில். ஓர் ஓணான் அசையவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. பட், பட், பட்.

தோண்டினாள். கோபமாகத் தோண்டினாள். "வேற வேலை இல்லையாடி உங்களுக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே தோண்டினாள். "தொறந்து விட்டேன்ல. போக வேண்டியதுதானே. போகத் தெரியாதா?" அடுக்கு அடுக்காகப் பெயர்த்துத் தட்டில் போட்டாள். கீழே போகப் போகச் சாம்பல் சுட்டது. கையுறை மாட்டிக்கொண்டாள். ஒரு மணிக்குச் சுண்ணாம்புத் தரை தட்டுப்பட்டது.

முதல் குழி. சிமிழ் இருந்தது.

இரண்டாவதிலும் இருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. நேற்று அவள் ரோட்டில் போட்டு உடைத்த அதே ஆறு. மெழுகைத் தொட்டுப் பார்த்தாள். முழுசாக, வழவழப்பாக, பிறை வடிவ நகத்தடத்தோடு இருந்தது. அவள் தன் கட்டைவிரலை அந்தத் தடத்தில் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

ஏழாவது குழியை அவள் கடைசியாகத்தான் பெருக்கினாள். பெருக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். தூரிகை முனையில் மெழுகு தெரிந்தது. இந்தச் சிமிழும் மற்றவை மாதிரியே பழசு. சுண்ணாம்பு படிந்து, வேர் ஓடிய தடம் பதிந்து, தொண்ணூறு வருஷம் மண்ணில் கிடந்ததென்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். மெழுகைக் கிள்ளினாள். உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

பஸ் டிக்கெட் விழுந்தது.

மஞ்சள் பூத்த காகிதம். நீல மையில் மெரிதா. சுவேமி பிறந்து ஒன்பதாம் நாளின் தேதி. பிரிக்காமலே உள்ளே இருப்பது விரலுக்குத் தெரிந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் கவ்வி. அதன் பல்லுக்கிடையில் ஒரு சிறு கறுப்புத் துண்டு.

தட்டுகிற சத்தம் நின்றது.

பாவாடைப் பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா," என்றாள் சுவேமி. பின்னால் பஸ் எஞ்சின் சத்தம். "ஏறிட்டேன். வளைவுல நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன். எங்க வந்துட்டே?"

"கோயில் தாண்டியாச்சு. அம்மா, எனக்கு என்னமோ வயிறு வலிக்குது."

"எங்க?" என்றாள் எர்மினியா.

"தொப்புள்கிட்ட. யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி. வாந்தி வேற வருது."

"இறங்காத."

"என்னம்மா?"

"என்ன ஆனாலும் இறங்காத. வாந்தி வந்தா பையில எடு. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கோ. யாரு கூப்பிட்டாலும் இறங்காத, கேக்குதா? நான் வரேன். உன்கூடவே மெரிதாவுக்கு வரேன்."

"நீங்களா?"

போன் இணைப்பு அறுந்தது. எர்மினியா டிக்கெட்டைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு ஓடினாள். இந்தத் தடவை எறியப் போவதில்லை. கையிலேயே கொண்டு போவாள். வளைவைத் தாண்டுவாள். குடல் வெளியே வந்து விழுந்தாலும் சரி, அதையும் மடியில் கட்டிக்கொண்டு மெரிதா சந்தையில் போய் நிற்பாள். கற்றாழை முள் காலைக் கிழித்தது. வாசல் வளைவைத் தாண்டினாள். தார் ரோடு வெயிலில் நெளிந்தது. பஸ் வந்துகொண்டிருந்தது.

நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"சாகணுமா உனக்கு?"

"என் பொண்ணு உள்ள இருக்கா. நானும் ஏறணும்."

"யாரு, மஞ்சள் சட்டையா? அது இப்பத்தான், அந்தப் பாலத்துகிட்ட இறங்கிடுச்சு. நான் எவ்வளவோ சொன்னேன். ரோட்டோரமா பொம்பளைங்க நின்னுட்டு இருந்தாங்க, எங்க அம்மாவும் நிக்குதுன்னு சொல்லி இறங்கிடுச்சு."

"எத்தனை பொம்பளைங்க?"

"நான் என்ன எண்ணிட்டா இருந்தேன்? ஆறு பேர் இருக்கும். வெள்ளைக் கவுன் போட்டவங்க. ஓட்டல் ஆளுங்கன்னு நினைச்சேன்." அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீ ஏறுறியா, இல்லையா?"

பாலத்திலிருந்து பண்ணைக்குக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. கற்றாழைக் கொல்லை வழியாக. கூலிக்காரர் வரிசைக்குப் பின்னால் போய் முடியும்.

அவள் திரும்பி ஓடினாள். பின்னால் பஸ் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு வளைவைத் தாண்டிப் போனது. முதல் வீடு. இரண்டாவது. மூன்றாவது.

பட், பட், பட்.

நான்காவது வீட்டு வாசல் கல் அருகே சுவேமியின் புதுச் செருப்பு ஜோடியாகக் கழற்றி விட்டிருந்தது.

உள்ளே சுவேமி அடுப்பின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். தோளில் பை அப்படியே இருந்தது. காலையில் எர்மினியா இஸ்திரி போட்டுக் கொடுத்த மஞ்சள் சட்டை, கக்கத்தில் வியர்வை. கைகள் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று தட்டு, ஒரு திருப்பு. உள்ளங்கைகளுக்கு நடுவே மாவு இல்லை. வேறு யாரும் இல்லை. அடுப்பைச் சுற்றித் தரையில் ஆறு ஜோடி முழங்கால் தடம் மட்டும்.

"சுவேமி. எழுந்திரு."

"வந்துட்டீங்களா." மகள் திரும்பவில்லை. "நீங்க வர நேரமாகும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"வயிறு வலி போயிடுச்சும்மா. இங்க உக்காந்ததும் போயிடுச்சு."

எர்மினியா பின்னாலிருந்து அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. மரத்தைத் தூக்குவது மாதிரி இருந்தது. மறுபடி தூக்கினாள். சட்டைத் தையல் விட்டது. மகள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. தட்டுவதும் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தாள். அவள் காலி பண்ணி வைத்த அடுப்பில் சாம்பல் நிறைந்திருந்தது. மூன்று கற்களையும் தாண்டி வழிந்து, சுவேமியின் முழங்கால்களை மூடி, தொடை வரை ஏறியிருந்தது. கையால் அள்ளப் பார்த்தாள். நகம் உடைந்தது. இறுகிய சாம்பல். அடுக்கு அடுக்காக. சாம்பல் நிறம், வெள்ளை, சிவப்பு.

"உங்களுக்கு நான் என்னடி பாவம் பண்ணேன்," என்று கத்தினாள். இடிந்த சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க போகலன்னா என் பிள்ளையுமா போகக் கூடாது?" கைக்குள் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள். காகிதம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கொத்துக்கரண்டியை எடுத்தாள்.

இது அவளுக்குத் தெரிந்த வேலை. பத்தொன்பது வருஷ வேலை. உடம்பைச் சுற்றி முதலில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். பிறகு உள் பக்கமாக, மெதுவாக. அவசரப்பட்டால் உடைந்துவிடும். கண்ணீரைத் தோளில் துடைத்தாள். முதல் அடுக்கு. தட்டில் போட்டாள். இரண்டாவது. மஞ்சள் சட்டை விளிம்பு தெரிந்தது, நீல ஜீன்ஸ் தெரிந்தது. தொடை சூடாக இருந்தது, உயிருள்ள சூடு. "இதோ ஆச்சுடி, இதோ ஆச்சு," என்றாள். மூன்றாவது அடுக்கு. நான்காவது. ஜீன்ஸ் துணி இற்று நூல் நூலாக வந்தது. ஐந்தாவது அடுக்கில் துணி இல்லை. தூரிகையை எடுத்தாள். பெருக்கினாள்.

சுவேமியின் முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு இருந்தது. பழுப்பு எலும்பு. வேர் ஓடிய தடம் பதிந்து, சுண்ணாம்பு படிந்து, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. தொண்ணூறு வருஷம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

எர்மினியா தலையைத் தூக்கவில்லை. தூரிகையை நிறுத்தவும் இல்லை. அவளுக்கு மேலே, மகளின் இரண்டு கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.